பச்சை காட்டிய காளான்

இலக்கியா தன் வாழ்நாளில் முதன்முதலாகக் கண்டுபிடித்த காட்டுக் காளான், காளானே அல்ல. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரம், ஈரச் சருகுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று உருண்டையாக ஏதோ தெரிந்தது. மண்டியிட்டு, செல்போனை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். 'குடைக்கண்' செயலி ஒரு விநாடி யோசித்துவிட்டு இனிமையான குரலில் சொன்னது: "இது தெர்மாகோல். சாப்பிட வேண்டாம்."

பின்னால் நின்றிருந்த நாத்தனார் மிருதுளா சிரித்த சிரிப்பில் பக்கத்து மரத்திலிருந்த கொக்கு பறந்தே போய்விட்டது.

"விடாதீங்க அண்ணி, எடுத்துக் கூடையில போடுங்க. அண்ணனுக்கு வறுத்துக் கொடுத்துடலாம்."

"உங்க அண்ணன் காளான்னாலே மூக்கைப் பொத்துற ஆளு. தெர்மாகோல்னா ஒருவேளை சாப்பிட்டாலும் சாப்பிடுவார்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வரும் 'புதியவர்கள் வகுப்பில்' மொத்தம் நாற்பத்திரண்டு பேர். எல்லோர் கையிலும் ஒரு மூங்கில் கூடை, ஒரு சின்னக் கத்தி. மழை தன் மாதங்களை மறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. ஜனவரியில் கொட்டியது, சித்திரையில் தூறியது, ஐப்பசியில் சில சமயம் வரவே இல்லை. மலைக்கு மட்டும் ஈரம் விடவே இல்லை. அந்த ஈரத்தில் யாரும் அதுவரை பார்த்திராத காளான்களெல்லாம் முளைத்தன. செம்பு நிறத்தில், பவளப்புற்று வடிவத்தில், கடுகளவு, தாம்பாளம் அளவு. விஞ்ஞானிகள் பெயர் வைத்து முடிப்பதற்குள் அடுத்த மழையில் அடுத்த கூட்டம் வந்தது. ருசி பார்த்தவர்கள் விடவில்லை. சேலம் ஐந்து ரோட்டில் காட்டுக்காளானுக்கென்றே மூன்று ஓட்டல்கள் திறந்துவிட்டார்கள்.

இந்தப் பைத்தியத்துக்கு வழிகாட்டத்தான் குடைக்கண் வந்தது. போனில் மாட்டிக்கொள்ளும் பொத்தான் அளவுக் கருவி காளானைப் பார்க்கும், மோப்பம் பிடிக்கும். பிறகு திரையில் ஒரு விளக்கு. பச்சை என்றால் சாப்பிடலாம். மஞ்சள் என்றால் நிச்சயமில்லை, விட்டுவிடுங்கள். சிவப்பு என்றால் கையைக் கழுவுங்கள். எதற்கும் காசு கிடையாது. கையில் அவர்கள் தரும் பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அந்தப் பட்டை வியர்வையை வைத்தே ஈரல், சிறுநீரகம், இதயம் எல்லாவற்றின் நலனையும் சொல்லிவிடும்.

"உங்க பாதுகாப்புக்குத்தான் அக்கா" என்று சொல்லித்தான் செழியன் அதைக் கட்டிவிட்டான். குடைக்கண் நிறுவனத்தின் ஏற்காட்டுப் பொறுப்பாளன். இருபத்தொன்பது வயது. எந்த நேரமும் சிரித்த முகம்.

செழியன் நன்றாகவே சொல்லிக்கொடுத்தான். குடையைத் திருப்பி அடியிலுள்ள மடிப்புகளைப் பார்க்க வேண்டும். தண்டில் வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதியில் ஒடிக்காமல் அடியோடு தோண்டி எடுக்க வேண்டும், ஏனென்றால் சில ஆபத்தான ஜாதிகள் மண்ணுக்குள் ஒரு பையில் கால் வைத்துக்கொண்டு நிற்கும். குடையை மட்டும் வெட்டிக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி வைத்தால், சில மணி நேரத்தில் அதன் தூள் கொட்டி ஒரு தடம் விழும். வெள்ளை, பழுப்பு, இளஞ்சிவப்பு, பச்சை என்று ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு நிறம்.

மற்றவர்கள் இதைக் கொட்டாவியோடு கேட்டார்கள். விளக்குதான் சொல்கிறதே, டம்ளர் எதற்கு? இலக்கியாவுக்கு மட்டும் இது பிடித்துப்போயிற்று. அவளுக்குச் சேலத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் தரம் பார்க்கும் வேலை. மூட்டை மூட்டையாக வரும் சரக்கிலிருந்து ஒரு பிடி எடுத்து ஈரம் பார்ப்பாள், வெண்மை பார்ப்பாள். பிறகு இன்னொரு பிடி எடுத்து, தேதி எழுதி, அலமாரியில் வைத்துவிடுவாள். பின்னால் புகார் வந்தால் எடுத்துக் காட்டுவதற்கு. பதிமூன்று வருடப் பழக்கம். வீட்டில் சாம்பார் வைத்தால்கூட ஒரு கிண்ணம் தனியாகப் போய்விடும். அதுபோலவே ஞாயிறுதோறும் பறித்ததில் ஒன்றைச் சமைக்காமல் டப்பாவில் போட்டு, தூள் தடம் விழுந்த காகிதத்தையும் கூட வைத்து, குளிர்பெட்டியின் அடித்தட்டில் அடுக்கினாள். அவள் கணவன் கவின் தயிர் எடுக்கப் போய்க் காளானைக் கண்டு அலறியது இரண்டு மூன்று முறை நடந்தது.

மிருதுளாவின் குறை வேறு. அவள் மணப்பெண் அலங்காரக்காரி. தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஊரிலுள்ள மணப்பெண்களுக்கெல்லாம் கண் வரைந்துகொண்டு, அண்ணன் வீட்டு மாடியில் குடியிருந்தாள். இந்த மலையேற்றத்துக்கு அண்ணியை இழுத்து வந்ததே அவள்தான். ஆனால் அவள் போனில் மஞ்சள்தான் வந்தது. பழைய, எல்லோருக்கும் தெரிந்த புற்றுக்காளானுக்குப் பச்சை வரும். புதிதாக எதைக் காட்டினாலும் மஞ்சள். இலக்கியாவின் போனிலோ பச்சை மேல் பச்சை.

"இதுக்கு என்னைப் பிடிக்கல அண்ணி. உங்களைக் கண்டா மட்டும் பல்லை இளிக்குது."

"நீ லிப்ஸ்டிக்கோட வர்றே, மோப்பம் குழம்புது போல."

மூன்றாம் மாதத்தில் ஒரு ஞாயிறு. தூறல் விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரம். ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கொத்துக் காளான். குடைமேல் தேன் பூசியதுபோல ஒரு மினுமினுப்பு, தண்டில் மெல்லிய வளையம். பார்க்கவே நாக்கில் நீர் ஊறியது. மிருதுளா போனை நீட்டினாள். மஞ்சள். இலக்கியா அதே காளானை, அதே இடத்தில், அரை நிமிடம் கழித்துக் காட்டினாள். பச்சை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இலக்கியா செழியனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அது போன் மாடல் அக்கா. அவங்க சென்சார் பழசாயிருக்கும்" என்றான். சொல்லும்போது அவன் தன் ஷூவைப் பார்த்ததை இலக்கியா கவனித்தாள்.

ஆலையில் ஒரே மூட்டை இரண்டு விதமாகத் தரம் காட்டினால் அவள் அந்த லாரியையே நிறுத்திவிடுவாள். அன்று ஆலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை, இளவெயில், பக்கத்தில் நாத்தனார் குழந்தைபோலக் கெஞ்சுகிறாள். "உங்க போனை ஒரு மணி நேரம் கொடுங்க அண்ணி. நானும் பச்சைன்னா என்னன்னு பார்க்கறேன்." இலக்கியா போனைக் கொடுத்தாள். மிருதுளா அரைக்கூடை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் மாடி வீட்டில் மிளகு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை போட்டு வதக்கினார்கள். தெருவே மணத்தது. கவின் கீழ்வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டான். இலக்கியாவுக்கு முந்தின நாள்தான் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது. உப்புப் பார்க்க இரண்டு துண்டு வாயில் போட்டதோடு சரி. மிருதுளா தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு மாடியிலிருந்து ஏதோ உருளும் சத்தம் கேட்டது. கவின் ஓடிப் பார்த்தபோது குளியலறை வாசலில் மிருதுளா சுருண்டு கிடந்தாள். எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அமலோற்பவம் கேள்வி மேல் கேள்வி கேட்டார்.

"எப்போ சாப்பிட்டாங்க?"

"நேத்து மத்தியானம் ஒன்றரை டாக்டர்."

"வாந்தி எப்போ ஆரம்பிச்சுது?"

"காலைல அஞ்சு மணி வாக்குல."

டாக்டரின் பேனா நின்றது. "சாப்பிட்ட ரெண்டு மணி நேரத்துல வந்திருந்தா நான் இவ்வளவு கேட்டிருக்க மாட்டேன். பதினஞ்சு மணி நேரம் உள்ள பதுங்கி இருந்துட்டு வருதுன்னா, அது ஈரலைக் குறிவைக்கிற ஜாதியா இருக்கலாம். இவங்களுக்கு முன்னாடி ஏதாவது?"

"சின்ன வயசுல ரெண்டு தடவை மஞ்சள் காமாலை வந்திருக்கு" என்றான் கவின்.

"என்ன காளான்?"

இலக்கியா போனைத் திறந்தாள். சாம்பல் கொத்து, நேற்றுக் காலை பதினொன்று இருபது. படம் சரியாக இருந்தது. விளக்குதான் வேறாக இருந்தது. சிவப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். சிவப்புதான். கீழே பொடி எழுத்தில், 'புதுப்பிக்கப்பட்டது: இன்று காலை 5.42' என்று இருந்தது.

"நேத்து பச்சை காட்டுச்சு டாக்டர். என் கண்ணால பார்த்தேன்."

"படத்தை வச்சு நான் வைத்தியம் பார்க்க முடியாதும்மா. அந்தக் காளான் மிச்சம் ஏதாவது இருக்கா?"

கவின் வீட்டுக்குப் பறந்தான். அரை மணி நேரத்தில் தேதி எழுதிய டப்பாவோடும், காகிதத்தில் விழுந்த வெள்ளைத் தூள் தடத்தோடும் திரும்பி வந்தான். காளானைக் கண்டால் மூக்கைப் பொத்துகிறவன் அந்த டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். டாக்டர் அதை உடனே பரிசோதனைக்கு அனுப்பினார். அது எந்த விஷக் குடும்பம் என்று மத்தியானத்துக்குள் தெரிந்தது. அதற்கேற்ற மருந்து ஏறியது.

மிருதுளாவை உள்ளே கொண்டுபோன பிறகு இலக்கியா நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஏதோ லேசாக அதிர்ந்தது. பட்டை. அதில் காலையிலிருந்து படிக்காத ஒரு செய்தி இருந்தது. 'காலை 5.40. ஈரல் அளவில் சிறு மாற்றம். கவலை வேண்டாம். தண்ணீர் நிறையக் குடிக்கவும்.'

ஐந்து நாற்பதுக்கு அவள் உடம்பில் ஏதோ மாறியிருக்கிறது. ஐந்து நாற்பத்திரண்டுக்குக் காளான் சிவப்பாகியிருக்கிறது.

பதிமூன்று வருடமாக மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்தவளுக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு பிடி இப்போது அவள்தான்.

செழியன் செவ்வாய்க்கிழமை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். இலக்கியா அவனை ஆஸ்பத்திரி கேண்டீனுக்கு அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை.

"தம்பி, நான் சுத்திவளைக்கல. அந்தப் பச்சை எப்படி வந்துச்சு?"

அவன் ஷூவைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"பச்சையில ரெண்டு விதம் இருக்கு அக்கா. ஒண்ணு, தெரிஞ்ச பச்சை. இன்னொண்ணு, தெரியாத பச்சை. புதுக் காளான் வந்தா அதோட வாசனை, உருவம், சொந்தக்காரக் காளான்கள் எல்லாத்தையும் வச்சு சிஸ்டம் ஒரு ஊகம் பண்ணும். பெரும்பாலும் பரவாயில்லைன்னு தோணுச்சுன்னா, சில பேருக்கு மட்டும் பச்சை காட்டும். நல்ல ஈரல் இருக்கறவங்க. அம்பது வயசுக்குள்ள. ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துல போயிடக்கூடியவங்க. கொஞ்சமா சாப்பிடற பழக்கம் உள்ளவங்க. மத்தவங்களுக்கு மஞ்சள். சாப்பிட்டவங்க பட்டை ஒண்ணும் சொல்லலைன்னா, எல்லாருக்கும் பச்சையாயிடும். ஏதாவது சொன்னா, எல்லாருக்கும் சிவப்பாயிடும்."

"மிருதுளாவுக்கு மஞ்சள் வந்தது அவ ஈரலைப் பார்த்து."

"ஆமா அக்கா. அவங்களை நாங்க காப்பாத்தத்தான் பார்த்தோம். அந்தப் பச்சை உங்களுக்கு மட்டும் வந்தது. அவங்க உங்க போனை வச்சுப் பறிப்பாங்கன்னு யாரும்..."

"நான்தான் போனைக் கொடுத்தேன். அது எனக்குத் தெரியும். நீ சொல்லிக்காட்ட வேண்டாம்." கண்ணில் நீர் நிறைந்தது. துடைக்கவில்லை. "யார்கிட்டயாவது கேட்டீங்களா? சாப்பிட்டுப் பார்க்கறீங்களான்னு?"

"முப்பத்தொண்ணாம் பக்கத்துல இருக்கு அக்கா. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இங்கிலீஷ்ல."

"அந்தப் பக்கத்தை நீ படிச்சிருக்கியா?"

"வேலைக்குச் சேர்ந்தப்போ படிச்சேன்" என்றான் மெதுவாக. "ரெண்டு நாள் தூங்கல. அப்புறம் ஒரு விஷயம் சொன்னாங்க, அதுல சமாதானம் ஆயிட்டேன். உங்களுக்கும் சொல்றேன், அப்புறம் நீங்க என்ன வேணா திட்டுங்க. மழை மாறின முதல் நாலு வருஷம், இந்த மலையில தோட்ட வேலை பார்க்கற ஜனங்க வருஷத்துக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் காளான் தின்னு செத்துக்கிட்டிருந்தாங்க. அவங்களுக்கு அது பொழுதுபோக்கு இல்ல அக்கா, அன்னைக்குக் குழம்பு. குடைக்கண் வந்ததுக்கப்புறம் ஒருத்தர்கூட சாகல. தோட்டத்துல எல்லார் போன்லயும் இருக்கு. பட்டை கூட வேண்டாம் அவங்களுக்கு. சிவப்புன்னா தொட மாட்டாங்க."

"அதாவது முன்னாடி அவங்க சாப்பிட்டுப் பார்த்தாங்க. இப்போ நாங்க."

"ஆமா."

"அவங்களுக்கும் தெரியாது. எங்களுக்கும் தெரியாது."

செழியன் ஆரஞ்சுப் பையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனான்.

மிருதுளா ஐந்தாம் நாள் கண்ணைத் திறந்து கண்ணாடி கேட்டாள். அப்போதுதான் கவினுக்கு மூச்சு வந்தது.

அடுத்த ஞாயிறு இலக்கியா தனியாக மேலே போனாள். வகுப்பு தொடங்குமுன் நாற்பது பேர் முன்னால் நின்று நடந்ததை அப்படியே சொன்னாள். போனைக் கொடுத்ததையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் தன் கைப்பட்டையைக் கழற்றிக் கூடையில் போட்டாள். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் அடுத்துக் கழற்றினார். பிறகு ஒரு புதுமணத் தம்பதி. ஐந்து நிமிடத்தில் கூடை நிறைந்துவிட்டது. செழியன் தடுக்கவில்லை. கடைசியில் தன் பட்டையையும் கழற்றிப் போட்டான்.

செய்தி கொடைக்கானல் போயிற்று, ஊட்டி போயிற்று, கொல்லிமலை போயிற்று. எல்லா வகுப்பிலும் கூடை நிறைந்தது. அரசு அதிகாரிகள் நிறுவனத்தைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். முப்பத்தொன்றாம் பக்கம் தொலைக்காட்சியில் வந்தது. இலக்கியாவை ஆலையில் எல்லோரும் எழுந்து நின்று வரவேற்றார்கள். அவளுக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை மூன்று வாரம் நிலைத்தது.

மிருதுளாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யக் கூட்டிக்கொண்டு போன நாளில், அவள் படுத்திருந்த அதே கட்டிலில் வேறு ஒரு பெண் படுத்திருந்தாள். பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். காப்பித் தோட்டத்து ஆள். பெயர் ராசேந்திரன். கட்டிலில் கிடந்தது அவர் மனைவி காவேரி.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மிருதுளா.

"காளானுங்க. போன்ல காட்டினோம். ஒண்ணும் வரலைங்க. மூணு வாரமாவே புதுசுக்கெல்லாம் வெறும் வெள்ளையாத்தான் வருது. சிவப்பு வரலையேன்னு ஆக்கிட்டோம். நல்லவேளை, பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல சாப்பிட்டுட்டாங்க."

இலக்கியா அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பட்டைகள் கழன்று மூன்று வாரம்; சாப்பிட்டுப் பார்க்க ஆளில்லாமல்தான் விளக்கு வெறுமையாகியிருக்கிறது. ஆட்டோ ஸ்டாண்டு வரை வந்ததும் மிருதுளாதான் ஆரம்பித்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நீங்க பட்டையைக் கழட்டினது சரி. அவனுங்க பண்ணின திருட்டுத்தனத்துக்கு அதுதான் சரி. ஆனா சாப்பிட்டுப் பார்க்க யாராவது இருந்தே ஆகணும் போலிருக்கே. என் ஈரல் எதுக்கும் லாயக்கில்ல. உங்களுது கல்லு மாதிரி இருக்கு."

"என் ஈரலைக் கண்ணு போடறியா?"

"ரெண்டு துண்டு தின்னுட்டு வேலைக்குப் போன ஆளு நீங்க. நான் அஞ்சு நாள் செத்துப் பிழைச்சேன். பொறாமைதான்."

இலக்கியா அன்று செழியனுக்குப் போன் செய்தாள். அவன் வேலையை விட்டிருந்தான். ஆனாலும் நிறுவனத் தலைவருக்குப் பேசி ஏற்பாடு செய்தான். தலைவர் திரையில் வந்து நிறைய மன்னிப்புக் கேட்டார். இலக்கியா, அவர் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டுத் தன் ஆலையில் பேசுவதுபோலப் பேசினாள்.

"எங்க ஆலையில சரக்கு நல்லாயிருக்கான்னு தெரியலைன்னா, தெரியலைன்னு எழுதுவோம். நல்லாயிருக்குன்னு எழுத மாட்டோம். உங்களுக்கு நாலாவதா ஒரு விளக்கு வேணும். நீலம். தோட்டமோ வகுப்போ, எல்லார் போன்லயும் நீலம். இது யாருக்கும் தெரியாது, தொடாதீங்கன்னு அர்த்தம். சாப்பிட்டுப் பார்க்கத் தயாரா இருக்கறவங்க பேர் கொடுக்கட்டும். வீட்டுல இல்ல, ஆஸ்பத்திரியில, பகல்ல, டாக்டர் பக்கத்துல, ஒரு ஸ்பூன். ஒரு காளானை எடுத்து வச்சுட்டுத்தான் மத்ததைச் சமைக்கணும். முப்பத்தொண்ணாம் பக்கம் முதல் பக்கமா வரணும். தமிழ்ல. அப்புறம் விளக்குக்குக் கீழே, சாப்பிட்டுப் பார்த்தவங்க பேர் இருக்கணும்."

"பேர் எதற்கு மேடம்?"

"பச்சைன்னு பார்த்துட்டுச் சாப்பிடறவங்களுக்கு, அது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியணும்."

தலைவர் ஒப்புக்கொண்டார். வேறு வழியும் அவருக்கு இல்லை. செழியனைத் திரும்ப வேலைக்கு அழைத்தார்கள், இந்தப் புது ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்ள.

நாற்பத்திரண்டு பேரில் யார் வருவார்கள் என்று இலக்கியாவுக்கு நம்பிக்கையே இல்லை. அவளும் செழியனும் போய்ப் பார்த்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் இருபத்தேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வங்கிக்காரர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். புதுமணத் தம்பதியில் மனைவி மட்டும் வந்திருந்தாள். "அவர் அழுவார்" என்றாள்.

நீல விளக்குக் காட்டிய முதல் காளான் இலக்கியாவுக்கு. பகல் பதினோரு மணி. டாக்டர் அமலோற்பவம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் செம்பு நிறத்தில் ஒரே ஒரு ஸ்பூன். தெரியாமல் மூன்று மாதம் எத்தனையோ தின்றிருக்கிறாள், ருசித்து, விரலை நக்கிக்கொண்டு. இன்று தெரிந்து தின்ன வேண்டும். கட்டிலைச் சுற்றிக் கவினும் மிருதுளாவும் நின்றார்கள். கவின் மூக்கைப் பொத்த மறந்திருந்தான்.

வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

"எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்."

இரண்டு நாள் அங்கேயே இருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குப் பின் இன்னும் பதினொரு பேர் அதையே சாப்பிட்டார்கள். மூன்றாம் வாரம் மலை முழுவதும் அந்தக் காளான் பச்சையாயிற்று, கீழே பன்னிரண்டு பெயர்களோடு.

பழைய காளான்களுக்கும் பெயர் போட வேண்டும் என்று முடிவானபோது, சாம்பல் கொத்துக்கு என்ன போடுவது என்று செழியன் கேட்டான். இலக்கியா, மிருதுளா என்று இரண்டு பெயரும்தானே?

"எதுக்கு? படுத்தது நான். இவங்க தண்ணி குடிச்சாங்க, அவ்வளவுதான்" என்றாள் மிருதுளா. "என் பேர் மட்டும் போடுங்க. பெரிய எழுத்துல." அப்படியே போட்டார்கள். சிவப்பு விளக்கு, கீழே 'மிருதுளா, சேலம்.'

ஒரு வருடம் ஆயிற்று. டாக்டர் அனுமதி கொடுத்ததும் மிருதுளா மறுபடி மலைக்கு வந்தாள். பறிக்க மட்டும்தான், சாப்பிட இல்லை என்று கவின் மூன்று முறை சத்தியம் வாங்கியிருந்தான். காதில் ஜிமிக்கி, உதட்டில் சிவப்பு, கையில் கூடை. இலக்கியா பத்தடி பின்னால் வந்தாள்.

சரிவில் ஒரு மரத்தடியில் சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று ஒரு கொத்து. மிருதுளா குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு விரலை நீட்டினாள்.

"ஐயோ அக்கா! தொடாதீங்க!"

மேலே மிளகுக் கொடிக்குப் பக்கத்திலிருந்து ஒரு இளம்பெண் இறங்கி ஓடிவந்தாள். தோட்டத்தில் வேலை பார்ப்பவள். கையில் அரிவாள், தலையில் சாக்கு.

"அது மிருதுளா அக்கா!"

மிருதுளா நிமிர்ந்து பார்த்தாள். "எது?"

"இந்தக் காளான்தான். இது பேரு மிருதுளா. போன்ல போட்டிருக்கும் பாருங்க. மகா விஷம். எங்க லைன் வீடுங்கள்ல பிள்ளைங்க அடங்கலைன்னா மிருதுளாவை அரைச்சு ஊத்திடுவேன்னுதான் மிரட்டுவோம். இதைத் தின்னு சேலத்துல ஒரு பொம்பள வீட்டோட செத்துப்போச்சாம். அவ புருஷன், மூணு பிள்ளைங்க, எல்லாரும்."

"மூணு பிள்ளைங்களா?"

"ஆமாங்கக்கா. பாவம்."

மிருதுளா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு காளானையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்னால் இலக்கியா சிரிப்பை அடக்கிக்கொண்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் இதைத் தொடறதே இல்லையா?" என்றாள் மிருதுளா.

"யாரு தொடுவா? மிருதுளான்னு பேரைக் கேட்டாலே நாங்க பத்தடி தள்ளிப்போயிடுவோம்."

"நல்லது. அப்படியே இருங்க" என்றாள் மிருதுளா.

அந்தப் பெண் அரிவாளால் கொத்தை அடியோடு கிளறிப் புரட்டிப் போட்டுவிட்டு, சிநேகமாகச் சிரித்தாள்.

"ஊருக்குப் புதுசா அக்கா? உங்க பேரென்ன?"

மிருதுளா ஒரு கணம் யோசித்தாள். திரும்பி அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள்.

"இலக்கியா" என்றாள்.